சிவப்புப் பொட்டுக்கு இந்தப் பக்கம்

அக்காவின் முகத்தை மங்கலாக்கியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசி நல்ல பெயர் வாங்குகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கலர் லேபில் எனக்கு வேலை. மெஷினிலிருந்து நீளமாக வருகிற போட்டோக் காகிதத்தை ஒவ்வொரு படமாக வெட்டி, நெகட்டிவைச் சேர்த்து உறையில் போட வேண்டும். கல்யாணம், ஞானஸ்நானம், பிறந்தநாள் கேக் எல்லாம் என் கையால் வெட்டுப்பட்டுத்தான் வீடு போய்ச் சேரும். கலங்கிப்போன படத்தை லேபில் 'அவுட்' என்போம். அதை யாருக்கும் கொடுப்பதில்லை, தொட்டியில் போட்டுவிடுவோம். எனக்கென்னவோ அந்தத் தொட்டியின் மேல் ஒரு கண். ஒரே ஆள், ஒரே வெளிச்சம், ஒரு படத்தில் மூக்கும் முழியுமாக இருக்கிறான், அடுத்ததில் கரைந்துபோகிறான். ஏன் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. நாலைந்து அவுட்டுகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

அக்கா சிரிப்பாள். "அப்பா ரோட்டுக் குப்பெ, நீ லேப் குப்பெ. குடும்பத் தொழில் விட்டுப் போகாது கேட்டியா."

அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தார். அவருடைய அப்பா காலத்தில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ்; வாசலைத் தாண்டினால் மலையாளம். நானும் அக்காவும் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழில் கடிதம் எழுத வேண்டுமென்றால் அப்பா ஒருவரால்தான் முடியும்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். இஞ்சிக் கிடங்கில், சுண்ணாம்பு பூசிக் காயவைத்த சுக்கைத் தரம் பார்த்துப் பொறுக்கும் வேலை. அவளுக்குப் பதினாறு வயதாயிருக்கும்போது, விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் அப்பாவுக்குச் சாயா போட மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் காற்றடித்தாள். அது வெடித்தது. இடது கண்ணுக்குக் கீழிருந்து கழுத்து வரைக்கும் தோல் சுருங்கி இறுகிவிட்டது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதி வரை ஒட்டிக்கொண்டன. அதற்கப்புறம் அவளை யாரும் போட்டோ எடுத்ததில்லை. சொந்தத்தில் கல்யாணம் என்றால், குரூப் போட்டோவுக்கு எல்லோரையும் கூப்பிடும் நேரம் பார்த்து அவளுக்குச் சமையல்கட்டில் ஏதாவது வேலை வந்துவிடும். வோட்டர் கார்டில் ஒரு படம் இருந்தது. அது கறுப்பாக அப்பிக்கிடந்தது, அதில் யாரை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அவுட்டுகளைப் பொறுக்குவதைப் பார்த்த லேப் முதலாளி ஒருநாள் ஒரு பழைய கேமராவை என் மேஜையில் வைத்தார். "மோளே, ரிப்பேர்காரன் கை விட்டதாணு. வேணுமெங்கில் எடுத்தோ" என்றார். லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் வழியைக் குறைக்கவும் கூட்டவும் இதழ் இதழாகத் தகடுகள் உண்டு. இந்தக் கேமராவில் அவை எண்ணெய் பிடித்து, முழுசாகத் திறந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. வெயிலில் எடுத்தால் படம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். வீட்டுக்குள் எடுக்கலாம். ஆனால் ஒரு சாண் அளவுக்குத்தான் தெளிவு. அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கரைந்துபோகும். நாள் தாண்டிய பிலிம் சுருள்களையும் முதலாளியே கொடுத்தார். சும்மா கிடந்த சங்கு எனக்குக் கிடைத்தது, ஊதாமல் விடுவேனா?

அந்த நாட்களில் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் கட் உண்டு. எதிர் வரிசை வீடுகளில் விளக்கேற்றுவார்கள். அக்காவின் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்து வாசலில் நிற்கச் சொல்லி, மெழுகுவத்தி நிற்கும் தூரத்தைத் தெளிவுக்குக் கணக்கு வைத்து ஒரு படம் எடுத்தேன். படம் கழுவி வந்தபோது எதிர்வீட்டு விளக்குகளெல்லாம் பெரிய பெரிய வட்டமாக மிதந்தன.

"இதெந்தாடி, ஆகாசத்துல பப்படம் பறக்குது?" என்றாள் அக்கா.

பப்படம் ஏன் வட்டமாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு அரிப்பு. கறுப்பு அட்டையில் சதுரமாக ஓட்டை போட்டு லென்ஸுக்கு முன்னால் ஒட்டினேன். பப்படம் சதுரமாயிற்று. முக்கோணம் வெட்டினேன், முக்கோணமாயிற்று. அப்போதுதான் புரிந்தது, அது விளக்கின் வடிவம் இல்லை, வெளிச்சம் நுழைந்த வாசலின் வடிவம். அக்கா ஒரு மீன் வெட்டித்தந்தாள். ஒட்டின விரல்களோடு பிளேடு பிடித்து அவள் வெட்டிய மீன் என்னுடைய முக்கோணத்தைவிட ஒழுங்காக இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து பக்கத்து வீட்டில் கழற்றி வைத்திருந்த சீரியல் பல்பை வாங்கி, பாதியைப் பக்கத்திலும் பாதியைத் தூரத்திலும் தொங்கவிட்டு எடுத்தோம்.

படம் வந்ததும் நான் லேபிலேயே கத்திவிட்டேன். பக்கத்து பல்புகளில் மீன்கள் இடதுபுறம் நீந்தின. தூரத்து பல்புகளில் வலதுபுறம் நீந்தின. வீட்டுக்கு ஓடிவந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் லென்ஸைத் தாண்டி ஒரு புள்ளியில் வந்து சேர்ந்து, அப்புறம் பிரிகிறது. பிலிம் அந்தப் புள்ளிக்கு முன்னால் நின்றால் ஒரு மீன், பின்னால் நின்றால் தலைகீழ் மீன். அக்கா என் கோடுகளைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஷரி. ஒண்ணு அக்கரைக்குப் போற மீனு, ஒண்ணு இக்கரைக்கு வர்ற மீனு. ரெண்டும் போட் ஜெட்டீல டிக்கெட் எடுத்துச்சா?"

ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அம்மா உள்ளேயிருந்து, "பொட்டப் புள்ளைங்களுக்கு என்னடி இந்தக் கெக்கலிப்பு" என்று சத்தம் போட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற இடம் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. எது தெளிவு எது கலங்கல் என்று அதில் தெரியாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பிலிம் போடாமல் கேமராவின் முதுகைத் திறந்து, பிலிம் ஓடுகிற இடத்தில் வெண்ணெய்க் காகிதத்தை ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்திவிட்டால் எதிரில் இருப்பது தலைகீழாக அந்தக் காகிதத்தில் வந்து விழும். சுற்றிலும் இருட்டு வேண்டும். அப்பாவின் கறுப்புக் குடையை விரித்து, அதன்மேல் அம்மாவின் ரெண்டு புடவையைப் போட்டு, உள்ளே புகுந்துகொண்டேன். ஜன்னலோரம் ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

காகிதத்தில் அவள் முகம் தலைகீழாக, உள்ளங்கையில் அடங்குகிற அளவில் வந்தது. ஒவ்வொரு முடியும் தெரிந்தது. தழும்பின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. லென்ஸின் வளையத்தைச் சும்மா கொஞ்சம் திருப்பினேன். முதலில் போனது தழும்பு. கண் இருந்தது, மூக்கு இருந்தது, உதட்டோரச் சிரிப்பு இருந்தது, தழும்பை மட்டும் காணோம். இன்னும் திருப்பினால் முகமே போய்விடும். திரும்பக் கொண்டுவந்தால் தழும்பு வந்துவிடும். நடுவில் ஒரு நூல் அளவு இடம். அதில் நிறுத்தினால் பதினாறு வயசுக்கு முந்தின அக்கா.

நான் குடைக்குள் இருந்தபடியே அம்மாவைக் கூப்பிட்டேன். குடைக்குள் தலையை விட்ட அம்மா ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பிறகு குரல் வந்தது. "இத இப்படியே நிறுத்துடி. அனக்காதே. இப்படியே நிறுத்து."

என் நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்து, வளையம் நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். ஸ்டூல் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு இருபத்துநாலு. மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுக்கிற வழக்கம் எங்களில் இல்லை. எனக்குக் கல்யாணம் வேண்டியிருந்தது. நல்ல புடவை, தனி வீடு, ஒரு மனுஷன், எல்லாம் வேண்டியிருந்தது. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பொட்டு வைக்கும்போது அக்காவை நினைத்து வைத்தேனா, என்னை நினைத்து வைத்தேனா என்று கேட்டால்தான் எனக்கு வெட்கம் வருகிறது.

படம் வந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர்கள் வேண்டுமென்றே இப்படிப் பனி மூடின மாதிரி எடுக்கிற காலம் அது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அக்கா படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கா. ஆருடி இது?"

அவள் வழக்கமான கிண்டல் என்று நான் சிரித்தேன்.

கொச்சியைச் சுற்றியிருக்கிற எங்கள் ஆட்களில் அக்காவின் முகம் தெரியாத வீடு கிடையாது. அதனால் இங்கே வரன் தேடிப் பயனில்லை. எங்களில் இப்படிப்பட்ட வரன்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம், செங்கோட்டை தென்காசிப் பக்கம்தான் எழுதிப் போடுவார்கள். ஜாதகத்தோடு போட்டோ முதலில் போகும். பிடித்தால் ஆட்கள் வருவார்கள். அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து கடிதம் எழுதினார். முடிக்கும் இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"முகத்துல காயம் உண்டுன்னு ஒரு வரி எழுதட்டா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா வீட்டில் இல்லை, கிடங்குக்குப் போயிருந்தாள். "வேண்டாம்ப்பா. முதல்ல வரட்டும். வந்து அவ குணத்தப் பாத்தா அவங்களே ஒத்துக்குவாங்க" என்று சொன்னது நான்தான். அப்பா கடிதத்தை மடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், மூன்று பேருமாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செங்கோட்டையிலிருந்து பையன், அவன் அத்தை, ஒரு மாமா, மூன்று பேர் வந்தார்கள். பழம்பொரியும் சாயாவும் தயார். அக்கா மெரூன் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, சாயா டிரேயை எடுத்துக்கொண்டு நேராக முன்னறைக்குப் போனாள். முகத்தைத் திருப்பவுமில்லை, மறைக்கவுமில்லை. அத்தை டம்ளரை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள்.

"சரி, போட்டோல உள்ள பிள்ளயக் கூப்பிடுங்க. இவுக யாரு, மூத்தவுகளா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது.

"நான்தான் அது" என்றாள் அக்கா.

அத்தை பையிலிருந்து போட்டோவை எடுத்து அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். பிறகு போட்டோவைக் கவிழ்த்து டிரேயின் ஓரத்தில் வைத்தாள். பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கெட்ட பையன் இல்லை. போகும்போது அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனான். பழம்பொரியை ஒருத்தரும் தொடவில்லை.

நான் அந்த அத்தையை வாய்க்கு வந்தபடி வைதேன். நாசமாய்ப் போக என்றேன், அவள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி வரட்டும் என்றேன். அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவங்கமேல கோபிக்காதே" என்றாள். "அவங்க பாக்க வந்தது அவளெ. வந்து நின்னது நானு."

அதோடு விட்டோமா? இல்லை. அம்மா கேட்டாள் என்று இன்னும் ரெண்டு தடவை அதே பொட்டில் வளையத்தை நிறுத்திப் படம் எடுத்து, இன்னும் ரெண்டு ஊருக்கு அனுப்பினோம். ரெண்டு தடவையும் அக்கா ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். அந்த ரெண்டு இடத்திலும் எப்படியோ விஷயம் தெரிந்து, வராமலே பதில் போட்டார்கள். ரெண்டாவது பதில் வந்த அன்று அக்கா அப்பாவிடம் போய், "எளையவளுக்குப் பாருங்கப்பா. நான் குறுக்கே நிக்கல" என்றாள். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

அப்புறம் எனக்குப் போட்டோ. என்னுடையது தெளிவாக இருக்க வேண்டுமே! சாக்பீஸ் வட்டத்தில் ஸ்டூலைப் போட்டேன். நான் குடைக்குள் இருந்தால் ஸ்டூலில் யார் உட்காருவது? அக்காவை உட்கார வைத்தேன். பொட்டைத் தாண்டி இந்தப் பக்கமாக வளையத்தைத் திருப்பினேன். வெண்ணெய்க் காகிதத்தில் அவள் முகம் வந்து நின்றது. தழும்பும் மடிப்பும், வெயில் பட்ட கன்னத்து மயிரும், கண்ணுக்குள் ஜன்னல் கம்பியும்கூடத் தெரிந்தன. அவ்வளவு தெளிவாக நான் அவளை நேரில்கூடப் பார்த்ததில்லை. "ஆங், கிட்டிப்போச்சு, எழுந்திரிக்கா" என்றேன்.

காகிதத்தைப் பிரித்து பிலிம் போட்டு, டைமரை முடுக்கிவிட்டு ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாகத்தான் விழும்; மறுபக்கம் இருட்டடிக்காமல் இருக்க அக்கா வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். நீலப் புடவையில் வரிசையாக எடுத்துத் தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் அவள்தான், "தோள இறக்கு, பல்லு தெரியணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டாள். "என்னெயும் ஒண்ணு எடு. பொட்டுக்கு இந்தப் பக்கம் வெச்சு."

"எதுக்குக்கா?"

"வெறுதே. நான் எப்படி இருக்கேன்னு பாக்கத்தான்."

அவள் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. கேமராவில் இன்னும் மூன்று படம் பாக்கி இருந்தது. மறுநாள் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு எடுக்க வேண்டும் என்று அந்த மூன்றையும் மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன்.

"பிலிம் தீந்துபோச்சுக்கா" என்றேன்.

"ஷரி. பின்னே ஒரு நாள்" என்றாள்.

பச்சைப் புடவைப் படம்தான் போயிற்று. லேபில் நானே ஓரம் வெட்டி, நானே உறையில் போட்டேன். திருப்பூணித்துறையில் இருக்கும் எங்கள் ஆட்களிலேயே வரன் அமைந்தது. ஆறு மாதத்தில் கல்யாணம். கேமரா மட்டாஞ்சேரி வீட்டுப் பரணுக்குப் போனது, நெகட்டிவுகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போயின. குழந்தைகள் பிறந்தார்கள், அப்பா போய்ச் சேர்ந்தார், கையடக்கமாக டிஜிட்டல் கேமரா வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை மட்டாஞ்சேரி போவேன். என் கணவர் கேமராவை எடுத்தால் அக்கா குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு எட்டிப் போய்விடுவாள். நானும் பழகிப்போன பழக்கத்தில் விட்டுவிடுவேன். ஏழெட்டு வருஷம். பின்னே ஒரு நாள் என்று அவள் சொன்ன நாள் எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அதில் நடந்து கிடங்குக்குப் போய்வந்த அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் சும்மா காய்ச்சல் என்றே இருந்துவிட்டாள். எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடிக்கும்போது உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஆறாம் நாள் அவள் இல்லை. நாற்பதுகூட ஆகவில்லை. நான் அழுதேன், என் கணவர் அழுதார், கிடங்குப் பெண்கள் தெருவில் நின்று அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும், மாலை போட. வீட்டில் இருந்தது அந்த ஒரு போட்டோதான். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். பெரிதாக்கினதில் மங்கலும் பெரிதாகிவிட்டது. கிடங்கிலிருந்து வந்த ஒரு சேச்சி பூவைப் போட்டுவிட்டு, என் காதில் மெதுவாக, "இது ஆராணு மோளே?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷம் அக்காவோடு ஒரே பாயில் உட்கார்ந்து சுக்குப் பொறுக்கியவள் அவள்.

அம்மா அதைக் கேட்டுவிட்டாள். "எடுத்து மாத்து" என்றாள். "இது எம் மக இல்ல. வேற எவளோ. எம் மகளக் கொண்டா."

கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே அம்மாதான்!

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கொச்சி பிராட்வேயில் கம்ப்யூட்டரில் படம் சரிசெய்து கொடுக்கிற ஒரு கடைக்குப் போனேன். அந்தப் பையன் அரை மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தான். கோடுகள் விறைத்துக்கொண்டு வந்தனவே தவிர முகம் வரவில்லை. "சேச்சி, இதில் இல்லாத்தது எங்ஙனெ வரும்?" என்றான். எனக்கா தெரியாது? தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் கண்டுபிடித்தவளே நான்தானே. ஒரு புள்ளி வெளிச்சம் பரந்து பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிட்டால் கலந்ததுதான். சாயாவில் ஊற்றின பாலை யார் திரும்ப எடுப்பது? தெரிந்துகொண்டேதான் போனேன். வேறு யாராவது ஒருத்தர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பிவந்து பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினேன். கடற்காற்றில் பாதிச் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். மெழுகுவத்தி தெளிவு, அக்கா கலங்கல். சீரியல் பல்பு மீன் தெளிவு, அக்கா கலங்கல். காலண்டரைப் பின்னால் மாட்டிச் சோதித்த படத்தில் தேதிகூடப் படிக்க முடிகிறது, முன்னால் நிற்கிறவளின் முகம் இல்லை. எல்லாச் சோதனைக்கும் அசையாமல் நின்று கொடுத்தவள் அவள்தான். ஒரு தடவைகூட நான் அவளைக் குறிவைக்கவில்லை.

கடைசிச் சுருளில் நான் இருந்தேன். நீலப் புடவை, நீலப் புடவை, நீலப் புடவை. அப்புறம் பச்சை. பச்சைப் புடவைப் படங்களில் இடது ஓரத்தில் ஏதோ தெரிந்தது. லேபில் நான் வெட்டி எறிந்த ஓரம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெள்ளை விரிப்பைப் பிடித்த நாலு விரல். அவள் என் பக்கத்தில், நான் இருந்த அதே தூரத்தில் நின்றதால் அணுவணுவாகத் தெளிவு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டின இடம், அதன் மேல் இழுத்துச் சுருங்கின தோல், நக இடுக்கில் இஞ்சிக் கிடங்குச் சுண்ணாம்பு.

முதலிலேயே எல்லாம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஒன்றை மட்டும் இதுவரை விழுங்கி வைத்திருந்தேன். பிலிம் தீர்ந்துபோச்சு என்று சொன்னதற்கு மறுநாள், மிச்சமிருந்த மூன்று படத்தை எடுக்கத் துணி பிடிப்பதற்கு நான் அவளைத்தான் கூப்பிட்டேன். அவள் கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விரிப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "தோள இறக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாலு விரலைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா என்னவோ ஏதோ என்று கையில் வாங்கினாள். ஒட்டின விரல் மேல் தன் விரலை வைத்து, "எம் மக கை. எம் மக கைடி இது" என்று பெருங்குரலில் அழுதாள். பதினேழு நாளாக வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது ஓய்ந்து, முந்தானையால் படத்தைத் துடைத்துவிட்டு, அம்மா அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல எங்கெ? முகம் எங்கெடி?"

"பிலிம் தீந்துபோச்சும்மா" என்றேன்.